அளவுத்திட்டம் பார்க்காத பாலம்

சனிக்கிழமை காலை ஒன்பது இருபத்தைந்துக்கு என் மகளுடைய பாலம் நடுவில் தொய்ந்துவிட்டது. (அதை இன்னும் கட்டவே ஆரம்பிக்கவில்லை, கம்ப்யூட்டரில்தான் நின்றது. பதற்றத்தில் அதெல்லாம் தோன்றுவதில்லை.)

கோமதி சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக எங்கள் ஊரான குத்துக்கல்வலசையில் வீட்டில் இருந்தபடியே கான்கிரீட் பாலங்கள் வடிவமைக்கிறாள். அவள் தனியாகச் செய்த முதல் பாலம் அது. பதினோரு மணி மீட்டிங்கில் மேலதிகாரியிடம் காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால் அடுத்த பெரிய பாலமும் இவளுக்கு. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு முடிக்கட்டும் என்று ஓடவிட்டு, "சாரல் அருமையா இருக்கும்மா, தலையக் காட்டிட்டு வந்துருதேன்" என்று தோழியோடு ஐந்தருவிக்குப் போய்விட்டாள், போனை மேஜையிலேயே வைத்துவிட்டு.

காபி டம்ளரை எடுக்கப் போன நான் திரையைப் பார்த்தேன். கொடியில் காயப்போட்ட ஈரச் சேலை மாதிரி கிடந்தது பாலம். நடுவில் ரத்தச் சிவப்பு வேறு.

"இங்கன வாங்களேன்! பாலம் விழப்போவுது!"

என் கணவர் நிதானமாக எட்டிப் பார்த்தார். "படம்தானே டீச்சர்?" (வீட்டிலும் எனக்கு அதுதான் பெயர்.)

"படத்துலயே இப்படின்னா, பஸ் போனா என்னாவும்?"

உடனே கோமதியைக் கூட்டிவரப் பைக்கை எடுத்தார். அருவியில் பெண்கள் பக்கம் போய் நின்று, "கோமதி, பாலம் வளைஞ்சிட்டு!" என்று அவர் கத்த, காவலுக்கு நின்ற போலீஸ்காரம்மா, "அண்ணாச்சி, முதல்ல நீங்க அங்கன தள்ளி நில்லுங்க" என்று விரட்டினாராம்.

அதற்குள் இங்கே கோமதியின் போன் அடித்தது. மேலதிகாரி. நான் எடுத்திருக்கக் கூடாது. எடுத்தேன்.

"சார், தயவுசெஞ்சு அதக் கட்டிராதீங்க. தொட்டில் மாதிரி தொங்குது. நான் கணக்கு டீச்சர், பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

"அப்படின்னா இன்னிக்கு மீட்டிங் வேணாம்மா. வேற ஆளை விட்டுப் பார்க்கச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

ஊரையே காப்பாற்றிய பெருமிதம் எனக்கு அரை நிமிடம் நின்றிருக்கும். பிள்ளையின் முதல் பாலத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிக் கொடுத்துவிட்டேன் என்று அப்புறம்தான் உறைத்தது.

பத்தரைக்குச் சொட்டச் சொட்ட வந்து நின்றாள் கோமதி. நான் சொன்னதை எல்லாம் கேட்டாள். கோபப்படவில்லை. திரையின் கீழ்மூலையில் விரலை வைத்தாள். கடுகு மாதிரி எழுத்து: '500 மடங்கு'. உண்மையான வளைவு கண்ணுக்கே தெரியாதாம், அதனால் பெரிதாக்கிக் காட்டுமாம். சிவப்பும் எங்கே அதிகம் வளைகிறது என்று காட்டும் நிறம்தானாம்.

பத்தாம் வகுப்பு வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதாத பிள்ளைகளுக்கு இருபது வருடமாக மார்க்கைக் குறைத்தவள் நான். (அழுதவர்களுக்கும் சேர்த்துத்தான்.) இப்போதும் நான் எதற்காவது பதறினால், "அளவுத்திட்டம் என்ன டீச்சர்?" என்றுதான் வீட்டில் கேட்கிறார்கள்.

அன்று கோமதி அதைக்கூடக் கேட்கவில்லை. ஈரக்கையால் மேலதிகாரிக்குப் போன் போட்டாள். பதினோரு மணி மீட்டிங் அவள் சொன்ன ஒரே வரியில் திரும்பக் கிடைத்தது:

"சார், பாலம் அஞ்சு மில்லிமீட்டர்தான் எறங்கியிருக்கு. மிச்சமெல்லாம் எங்கம்மா."