மாமனாருக்கு ஒரு நீல அட்டை

இந்தத் தடவை மாமனாரை வாய் திறந்து புலம்ப வைத்தே தீருவது என்று ஆர்லன் சபதம் எடுத்துக்கொண்டார். சபதம் எடுத்த இடம் குளியலறை. ஒற்றைக் காலில் நின்று காலுறை மாட்ட முடியாமல் வாஷ்பேசினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்த நேரம்.

மாமனார் செல்மருக்கு எண்பத்து நாலு வயது. அவர் மனைவி வெர்னா இரண்டு வருஷமாகக் குன்றின் மேலிருக்கும் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். யார் முகமும் நினைவில்லை, பேச்சும் அநேகமாக நின்றுவிட்டது. ஆனால் மத்தியான சூப்பைப் புருஷன் கையால் கொடுத்தால்தான் குடிப்பார். நர்ஸ் கரண்டியை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்வார். அதனால் செல்மர் தினமும் சூப் வைத்து, பிளாஸ்கில் ஊற்றி, தன் பழைய பிக்கப் வண்டியில் கிளம்பிவிடுவார்.

வண்டி நிறுத்த இடம் கிடைப்பதோ மைதானத்தின் கோடியில். அங்கிருந்து வாசல் வரைக்கும் உறைந்த பனி. வாசலுக்கு நேர் எதிரே நீலப் பலகை வைத்த இடங்கள் மூன்று சும்மாவே கிடக்கும். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அரசாங்கம் தரும் நீல அட்டை வண்டிக் கண்ணாடியில் தொங்கினால் மட்டும் அங்கே நிறுத்தலாம். போன செவ்வாய்க்கிழமை செல்மர் வழுக்கி விழுந்தார். அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. நர்ஸ் போன் பண்ணித்தான் விஷயமே தெரிந்தது. இன்னொரு தடவை விழுந்து எலும்பு முறிந்தால் வெர்னாவுக்கு யார் சூப் கொடுப்பது? மகள் மார்னிக்கு அந்தக் கவலையில் சோறு தண்ணி இறங்கவில்லை. பெண்டாட்டி சாப்பிடாவிட்டால் ஆர்லனுக்கும் இறங்காது.

அட்டை வாங்க டாக்டர் கையெழுத்து வேண்டும். அங்கேதான் இடித்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடகோடியில் எவனும் குறை சொல்லமாட்டான். ரம்பத்தில் ஒரு விரல் போனவனைக் கேட்டால், மீதி ஒன்பதும் சௌக்கியம் என்பான். போன வருஷம் டாக்டர், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க, செல்மர், "மோசமில்ல" என்றார். டாக்டர் வெளியூர்க்காரர். பாவம், நம்பிவிட்டார். விண்ணப்பம் வெறுமையாகத் திரும்பி வந்தது.

"ஒரு திட்டம் போட்டிருக்கேன்" என்றார் ஆர்லன், காலைச் சாப்பாட்டு மேஜையில்.

"போன திட்டத்துல படகு முழுகிச்சு" என்றாள் மார்னி.

"இது தரையில நடக்கற திட்டம். நம்ம ஊர்ல காபி வேணுமான்னு கேட்டா என்ன சொல்லுவோம்?"

"வேண்டாம்னு."

"ரெண்டாந்தடவ கேட்டா?"

"உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்னு."

"மூணாந்தடவ?"

"சரி, அரை கப் போதும்னு."

"அவ்வளவுதான். மூணாந்தடவயும் மறுத்தா அது மரியாதைக் குறைவு. சண்டை போட்ட மாதிரி. உங்கப்பா ஜென்மத்துல மூணாந்தடவ எதையும் மறுத்ததில்ல. டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன். எதைக் கேட்டாலும் மூணு தடவ கேளுங்கன்னு சொல்லிட்டேன்."

மார்னி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்ல திட்டம்" என்றாள்.

முப்பத்தாறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. ஆர்லன் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் இன்னொரு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் செல்மரை வரவழைத்து ஒத்திகை நடந்தது.

"வலிக்குதுன்னு மட்டும் சொன்னா டாக்டர் மதிக்கமாட்டார் மாமா. விவரமாச் சொல்லணும். என்னைப் பாருங்க. காலைல கட்டில்லேருந்து எறங்கும்போது இடது இடுப்புல சுருக்குங்கும். அப்படியே தொடை வழியா எறங்கி முட்டிக்குப் பின்னால போய் உக்காந்துக்கும்."

மார்னி மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே கேட்டாள். "மாடிப்படி ஏறும்போது?"

"ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் வெக்கணும். யாராவது பாத்துட்டா, ஜன்னல் வழியா குருவி பாக்கற மாதிரி நின்னுடணும்."

"வண்டியிலேருந்து எறங்கும்போது?"

"கதவைப் பிடிச்சுக்கிட்டு பத்து எண்ணணும். சாவியத் தேடற மாதிரி தேடலாம்."

செல்மர் காபியை உறிஞ்சினார். "பிரமாதமா நடிக்கறீங்க மாப்ளே."

"எல்லாம் உங்களுக்காகத்தான் மாமா" என்றார் ஆர்லன், தன்னடக்கத்தோடு.

வியாழக்கிழமை மூன்று பேரும் டாக்டர் எதிரே உட்கார்ந்தார்கள்.

"நடக்க எப்படி இருக்கு, செல்மர்?"

"மோசமில்ல."

"நடக்க எப்படி இருக்கு?"

"வண்டி ஓடிக்கிட்டிருக்கு."

டாக்டர் ஆர்லனைப் பார்த்தார். ஆர்லன் கண்ணை மூடித் தலையாட்டினார்.

"செல்மர், மூணாந்தடவயா கேக்கறேன். நடக்க எப்படி இருக்கு?"

செல்மர் தன் கைகளைப் பார்த்தார்.

"முட்டி ரெண்டும் போயிடுச்சு" என்றார் மெதுவாக. "அன்னிக்கி விழுந்தேன். அடி ஒண்ணும் பெரிசில்ல. பிளாஸ்க் தெறிச்சு சூப் பூரா பனியில கொட்டிடுச்சு. அவ அன்னிக்கி சாப்பிடல."

மார்னி அப்பாவின் தோளில் கை வைத்தாள். டாக்டர் விண்ணப்பத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். திட்டம் ஜெயித்துவிட்டது. ஆர்லன் வெற்றி வீரராக எழுந்திருக்கப் போய், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு சாவியைத் தேடினார்.

"சாவி என்கிட்ட இருக்கு" என்றாள் மார்னி. பையிலிருந்து மளிகைச் சீட்டை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள். டாக்டர் படித்தார்.

"இது செல்மரோட வலியா?"

"எனக்கு முட்டி மட்டுந்தான்" என்றார் செல்மர். "இடுப்பு கல்லு மாதிரி இருக்கு."

"அது ஒத்திகைக்குச் சொன்னது" என்றார் ஆர்லன் அவசரமாக.

டாக்டர் நாற்காலியை இவர் பக்கம் திருப்பினார். "ஆர்லன், இடுப்பு எப்படி இருக்கு?"

"மோசமில்ல."

"இடுப்பு எப்படி இருக்கு?"

"இருக்க வேண்டிய எடத்துல இருக்கு."

மூன்றாவது தடவை கேட்டது டாக்டர் இல்லை. மார்னி.

"ஆர்லன், நம்ம மாடிப்படி ஜன்னல்லேருந்து பக்கத்து வீட்டுச் சுவர் மட்டுந்தான் தெரியும். ரெண்டு வருஷமா அங்க நின்னு என்ன குருவி பாக்கற? அம்மாவுக்கு அப்பா இருக்காரு. நாளைக்கு எனக்கு அப்படி ஆனா சூப் எடுத்துக்கிட்டு நீதானே நடந்து வரணும்? இடுப்பு எப்படி இருக்கு?"

ஆர்லன் மாமனாரைப் பார்த்தார். வேறு யார் கைகொடுப்பார்கள்?

"மூணாந்தடவ மாப்ளே" என்றார் செல்மர். "இதையும் மறுத்தா மரியாதையா இருக்காது."

ஆர்லன் உட்கார்ந்தார். "வலிக்குது" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அறுபத்தோரு வருஷம் ஆகியிருந்தது. டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டாவது விண்ணப்பத்தை எடுத்தார். மேலே ஆர்லனின் பெயர் மார்னியின் குண்டு குண்டான கையெழுத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

"இது எப்ப இங்க வந்துது?" என்றார் ஆர்லன்.

"நீ திட்டத்தைச் சொன்ன அஞ்சாவது நிமிஷம் நானும் டாக்டருக்குப் போன் பண்ணினேன். நேத்து வந்து எழுதிக் குடுத்துட்டுப் போனேன்" என்றாள் மார்னி. "அப்பா இங்க வர ஒரு நிபந்தனை வெச்சாரு. மாப்ளயும் இடுப்பை டாக்டர்கிட்ட காட்டினாத்தான்னு."

அடுத்த மாதம் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. அதுவரை ஆர்லனுக்குக் கைத்தடி. வண்டி ஓட்டக் கூடாது என்றும் உத்தரவு.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், செல்மரின் பிக்கப் நீலப் பலகைக்கு எதிரே வந்து நின்றது. ஓட்டி வந்தவர் செல்மர். பக்கத்தில் ஆர்லன், மடியில் சூப் பிளாஸ்க். வாசலுக்கு எட்டே அடி. ஆனாலும் செல்மர் சுற்றி வந்து கதவைத் திறந்து, கை கொடுத்து இறக்கினார். மருமகன் பத்து எண்ணும் வரை பொறுமையாக நின்றார்.

ஜன்னலோரம் வெர்னா உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கைத்தடியைப் பார்த்தார். ஆறு மாசமாக ஒரு வார்த்தை பேசாதவர் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சூப்பு அப்புறம் குடிச்சுக்கறேன்" என்றார். "பாவம், அந்தப் பெரியவருக்கு மொதல்ல ஒரு நாற்காலி போடுங்க."

செல்மர் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆர்லன் முதல் தடவை சொன்னதுமே உட்கார்ந்துவிட்டார்.