பம்பைப் பழித்த மச்சானுக்கு

அறப்பளீசுவரர் துணை

செம்மேடு, கொல்லிமலை
26-6-1968

ராசிபுரம் லாரிப் பட்டறை முதலாளி, மரியாதைக்குரிய மச்சான் அர்த்தனாரி அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை கண்ணாயியின் கணவன் செல்லமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், தங்கள் தங்கை, எருமை, டீசல் பிக்கப் வண்டி ஆகிய நால்வரும் நலம். வண்டி நலம் என்று நான் எழுதுவது இதுவே முதல் தடவை என்பதைக் கவனிக்கவும். அவ்விடம் தாங்களும் அக்காவும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்றே நம்புகிறேன்.

போன மாதம் தாங்கள் மலைக்கு வந்து, திருப்புளியின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைத் தங்கள் காதிலும் வைத்துக் கேட்டுவிட்டு, ஊரே கூடி நின்ற இடத்தில், "டீசல் பம்பு செத்துப்போச்சுங்க மாப்ள. இத வெச்சு மலை ஏற முடியாது. எடைக்குப் போட்டுரலாம்" என்று சொன்னது தங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. தாங்கள் பஸ் ஏறிய பிறகு ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன் என்னைக் கூப்பிட்டார். "அடிவாரத்துக் காரவள்ளியில இருந்து ஒருக்கா நிக்காம ஏறி வந்து காட்டு கண்ணு. வந்துட்டா இந்த வருசத்துப் பலாப்பழம் அத்தனையும் உன்ற வண்டியிலதான். நடுவுல நின்னுச்சுன்னா நாங்க பழையபடி தலைச்சுமையா எறக்கிக்கறோம். வண்டிய உன்ற மச்சான் கொண்டுபோயிக்கட்டும்" என்றார். மிளகுத் தோட்டத்தைக் கொடுத்து வாங்கிய வண்டி மச்சான்.

வண்டியின் குணம் தாங்கள் அறிந்ததுதான். அடிவாரத்தில் ஒரே முடுக்கில் கிளம்பும், எட்டு வளைவோ பத்து வளைவோ ஏறும், பிறகு நாலு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். சுமை ஏற்றி இறக்கும் சென்றாயன் குதித்துப் பின் சக்கரத்துக்குக் கல் வைப்பான். நான் பம்பின் கைப்பிடியை அடித்து அடித்துப் பார்ப்பேன், டீசல் வராது. குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சுவேன். நான் குடித்த டீசலுக்கு இன்னொரு வண்டியே ஓட்டியிருக்கலாம். சந்தையில் பீடி பற்றவைப்பவர்கள் என்னைக் கண்டால் எட்டிப்போகிறார்கள். அதற்குள், வண்டியில் கூடவே வரும் தங்கள் தங்கை டேங்க் மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டு, "பாதி இருக்குதுங்க" என்பாள். நான் போய்ச் சாவியைத் திருப்புவேன், வண்டி கிளம்பிவிடும். நான் உறிஞ்சியதால்தான் கிளம்பியது என்று நான் நினைத்துக்கொண்டேன். சென்றாயன் தன் பூசையால்தான் கிளம்பியது என்று நினைத்துக்கொண்டான். மலை ஏறும் வண்டிக்குச் சந்தனம் வைக்காமல் அவன் ஏறவே மாட்டான். நின்ற இடத்தில் எல்லாம் மறுபடியும் முகப்பு, விளக்கு, டேங்க் மூடி என்று ஓர் இடம் விடாமல் குழைத்துப் பூசுவான். பம்பை மூன்று தடவை கழற்றி வால்வு, ஸ்பிரிங், உள்ளே இருக்கும் சவ்வு எல்லாவற்றையும் வேட்டியில் பரப்பிப் பார்த்தேன். புதுப்பெண்ணின் நகை மாதிரி எல்லாம் பளபளவென்று இருந்தன. வேட்டிதான் போயிற்று.

போன வாரம் தங்கள் தங்கை இதே மலையில் உள்ள குண்டூர் நாட்டில் ஒரு சடங்குக்குப் போயிருந்தாள். அன்றைக்கு ஒன்பதாம் வளைவில் வண்டி நின்றது. நான் உறிஞ்சினேன். சென்றாயன் பூசினான். நான் மறுபடியும் உறிஞ்சினேன், அவன் மறுபடியும் பூசினான். காலையில் தொடங்கியது, உச்சிவெயில் வந்தும் அசையவில்லை. இந்தப் பிழைப்பே வேண்டாம் என்று கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சடங்கு முடிந்து எங்களைத் தேடி நடந்து வந்தவள், வழக்கம்போல மூடியைத் திறந்து குச்சியை விட்டாள். வண்டி கிளம்பியது. "ஏனுங்க, இந்த மூடியத் தொறக்கறப்ப எல்லாம் காத்து உள்ள போற சத்தம் கேக்குதுங்க. அது காத்துக்குத்தான் ஏங்கி நிக்குதாட்ட இருக்குது. உங்க மூக்கப் பொத்திட்டா நீங்க மலை ஏறுவீங்களா?" என்றாள். "பம்பைப் பத்தி உனக்கென்ன தெரியும், போயி உக்காரு" என்று ஒரு அதட்டுப் போட்டேன். அவளுடைய கொண்டை ஊசியையே வாங்கி வைத்துக்கொண்டு, அவள் அந்தப்பக்கம் போனதும் மூடியைச் சுரண்டினேன். அடை அடையாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் மறுபடியும் சந்தனம். எல்லாவற்றுக்கும் அடியில் கடுகளவு ஓர் ஓட்டை. டீசல் வெளியே போகப்போக அந்த ஓட்டை வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டுமாம். அதை நாங்கள் பக்தியோடு அடைத்து வைத்திருக்கிறோம். பம்பு, பாவம், தன்னால் ஆன மட்டும் இழுத்துப் பார்த்திருக்கிறது. உறுதிப்படுத்த, ஓட்டையைப் புளியால் அடைத்து ஏறினேன், பத்தாம் வளைவில் நின்றது. புளியை எடுத்தேன், ஓடியது. இப்படி இரண்டு நாள் சோதித்தேன். ஆக, இதைக் கண்டுபிடித்தது நான்தான் மச்சான். முதலில் வாய்விட்டுச் சொன்னது மட்டுமே தங்கள் தங்கை.

நேற்றுப் பந்தய நாள். ஊர்க்கவுண்டரே முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பூசை இல்லாமல் ஏற மாட்டேன் என்று சென்றாயன் முரண்டு பிடித்ததால், டேங்க் மூடிக்கு வைக்க வேண்டிய சந்தனத்தை ஊர்க்கவுண்டரின் நெற்றியில் வைக்கச் சொன்னேன். ஒன்பதாம் வளைவு வந்தது, போயிற்று. பத்தாம் வளைவில் நான் மூச்சு விடவில்லை, வண்டி விட்டது. பாதி மலையில் ஊர்க்கவுண்டர் மெல்ல, "செல்லமுத்து, சித்த நிறுத்து கண்ணு, ஒண்ணுக்கு முட்டுது" என்றார். "நிறுத்துனா தோத்ததா ஆயிருமுங்க" என்றேன். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு மீதி மலையையும் ஏறினார். செம்மேட்டு மேட்டில் வந்து இன்ஜினை அணைத்தபோது தப்பட்டை அடித்தார்கள், தோளில் துண்டு போட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதுவிட்டேன். ஊர்க்கவுண்டர் எந்த மரியாதைக்கும் நிற்காமல் புதருக்குப் பின்னால் ஓடினார். திரும்பி வந்து, "பழமெல்லாம் உனக்குத்தான்" என்றார்.

ஆகையால் தாங்கள் வர வேண்டாம். வண்டியை இழுத்துப்போக லாரியும் அனுப்ப வேண்டாம். தங்கள் பட்டறையில் பம்பு சம்பந்தமாக ஏதாவது சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் எனக்கு ஒரு கார்டு எழுதிப் போடவும், என்னால் ஆனதைச் சொல்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள். எல்லாருக்கும் எட்டுக்கை அம்மன் நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
செல்லமுத்து

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்க்கத்தான் இன்று காலை வண்டியை எடுத்தேன். வாசலூர்பட்டி இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். கால் தரை வரை போயிற்று, வண்டியும் போய்க்கொண்டே இருந்தது. வாங்கிய நாள் முதல் தானாகவே நின்றுவந்த வண்டி என்பதால், அதை நிறுத்துகிற வேலை எனக்கு இதுவரை வந்ததே இல்லை மச்சான். யாருக்கும் அடியில்லை. வண்டி இப்போது ஊர்க்கவுண்டரின் மரவள்ளிக் காட்டுக்கு நடுவே இருக்கிறது, ஊர்க்கவுண்டர் வரப்பில் இருக்கிறார். தாங்கள் உடனே லாரியோடு வரவும், கெட்டியான கயிறும் கொண்டு வரவும். இன்ஜின் இன்னும் அணையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பம்பில் ஒரு குறையும் இல்லை என்பதைத் தாங்களே நேரில் பார்த்துக்கொள்ளலாம்.