கொக்கத்தடிக்கு இரண்டு பிரியாவிடை

லண்டனில் எத்தனையோ தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை பிரியாவிடை விழா எடுத்த பெருமை எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு மட்டும்தான் உண்டு. அந்த ஆள் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அல்ல. தமிழரும் அல்ல. இரண்டு தடவையும் அவர் எங்கேயும் போகவும் இல்லை.

அவர் லித்துவேனியா நாட்டுக்காரர். தொழில், கூடைப்பந்து. உயரம் ஆறடி பத்து அங்குலம். லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில், எங்கள் சங்கத்துச் சிவம் அண்ணையின் பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் 'ஸ்' என்று முடியும். அந்த நாட்டு ஆண்கள் எல்லாருடைய பெயரும் அப்படித்தான் முடியுமாம். "எங்களுக்கு இனிஷியல் முன்னுக்கு வரும், அவைக்குப் பின்னுக்கு வருகுது" என்று சிவம் அண்ணை அந்த விஷயத்தை அத்தோடு முடித்துவிட்டு, தானே ஒரு பெயர் வைத்தார். மரத்தில் எட்டாத மாங்காயைப் பறிக்கிற நீளத் தடியை எங்கள் ஊர்ப் பக்கத்தில் கொக்கத்தடி என்போம். குடிவந்த அன்றே, மேல்தட்டில் இருந்த அப்பளப் பெட்டியைக் குதிக்கால் கூட உயர்த்தாமல் எடுத்துக் கொடுத்தவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அந்த வாரமே சிவம் அண்ணை கடை ஏணியை யாருக்கோ தானம் செய்துவிட்டார்.

பெயரின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்ட கொக்கத்தடி அதைத் தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார். என் வசதிக்காக அதை எங்கள் தமிழில் தருகிறேன். "போலந்தில ஒரு பத்திரிகை என்னைக் குளிர்ப்பெட்டி எண்டு எழுதினது. இது பரவாயில்லை. இது அசையும்" என்றார். சிரிக்கவில்லை. அவர் எதற்குமே சிரிக்க மாட்டார். அதனால் அவர் பகிடி விட்டாரா, கவலைப்பட்டாரா என்று கடைசிவரை எனக்குப் பிடிபட்டதே இல்லை.

அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதும் அவருடைய நெற்றியில் எழுதியிருந்தது. தலையெழுத்தைச் சொல்லவில்லை, தழும்பைச் சொல்கிறேன். ஒன்பது நாடுகளில் பதினான்கு கிளப்புகளுக்கு ஆடியவர். ஒவ்வொரு நாட்டிலும் ஏதாவது ஒரு கதவுநிலையில் தலையை இடித்திருந்தார். "இது எஸ்தோனியா, பஸ் கதவு. இது சைப்பிரஸ், ஹோட்டல் குளியலறை. இது போலந்து, கோச்சின்ர வீடு" என்று விரல் வைத்துக் காட்டுவார். மற்றவர்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நாலு பக்கம் டைப் அடித்துக் கொடுப்பார்கள். இவர் தலை குனிந்தால் போதும். சிவம் அண்ணையின் பின்னறைக் கதவிலும் ஒரு நாள் நன்றாக இடித்துக்கொண்டு, இரத்தத்தைத் துடைத்தபடி, "சரி, இப்ப இங்கிலாந்தும் வந்திட்டுது" என்றார்.

விடியக் காலையில் பூங்காவில் இருக்கும் கூடைக்குப் போவார். பத்துப் பந்து தொடர்ந்து விழும்வரை வரமாட்டார். ஒன்பது விழுந்து பத்தாவது தவறினால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பம். இதனால் அவர் எந்த இடத்துக்கும் நேரத்துக்குப் போனதில்லை. ஆட்டம் இருக்கிற நாளில் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை நித்திரை. அந்த நேரத்தில் கீழே கடையில் சிவம் அண்ணையும் இரகசியம் பேசுவதுபோலத்தான் வியாபாரம் செய்வார். நாலு மணிக்கு இறங்கி வந்து, இரண்டு அரிசி மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து உட்கார்ந்து, தன் நாட்டுக் கறுப்புப் பாண் ரொட்டியைத் தேங்காய்ச் சம்பலோடு சாப்பிடுவார். கண் கலங்கும். "காரமோ?" என்று கேட்டால், "இல்லை, ஆட்டத்துக்கு முதல் எனக்கு எப்பவும் கண் கலங்கும்" என்பார்.

இப்படி இருந்தவருக்கு ஒரு வசந்த காலத்தில் முழங்கால் வீங்கியது. அவர் ஆடிக்கொண்டிருந்த லண்டன் கிளப் ஓர் ஈமெயிலில் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. இரண்டே வரி. அதில் அவருடைய பெயரும் பிழையாக இருந்தது.

கடையில் நானும் சிவம் அண்ணையும் அதைப் படித்தோம். அவர் அரிசி மூட்டையில் உட்கார்ந்திருந்தார். "எனக்கு இது பழக்கம்" என்றார். "பதினாலு கிளப். ஒண்டிலயும் இதுதான் கடைசி ஆட்டம் எண்டு தெரிஞ்சு நான் ஆடேல்லை. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் ஆரும் வந்து சொல்லுவினம். எனக்கு ஒரேயொரு ஆட்டம் வேணும். அது கடைசி எண்டு எனக்கு முதலே தெரிய வேணும். கடைசிப் பந்தை நான் போட வேணும். பிறகு மைதானத்துக்கு நடுவில குந்தியிருந்து, என்ர சப்பாத்தை நானே கழட்டிப்போட்டு வெளியில வர வேணும். அவ்வளவுதான்."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. சிவம் அண்ணை மூக்கை உறிஞ்சினார். "பாத்தியே தம்பி, இந்த மனிசனை ஒருத்தரும் மரியாதையா வழியனுப்பேல்லை. நாங்கள் செய்வம்" என்றார். நான் சங்கத்தின் செயலாளர். செயலாளர் என்றால் பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். மண்டபம் பிடிப்பதும், வருகிறவர்களுக்குக் கொடுக்கிற ரோல்ஸ் பலகாரத்தை எண்ணுவதும்தான் வேலை. அவர் கேட்டது ஓர் ஆட்டம். எங்களுக்குச் செய்யத் தெரிந்தது ஒரு விழா. இந்த வித்தியாசம் அன்றைக்கு எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

நோர்பரியில் மண்டபம் பிடித்தேன். சிவம் அண்ணை அவரிடம், "சனிக்கிழமை உமக்காக ஒழுங்கு பண்ணியிருக்கிறம், வாரும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மனிதர் பூங்காவுக்குப் போய், பத்துப் பந்து போட்டு, இரண்டிலிருந்து நாலுவரை படுத்து எழும்பி, ஆட்ட உடுப்போடும் சப்பாத்துப் பையோடும் மண்டபத்துக்கு வந்து நின்றார். உள்ளே நூறு கதிரை, குத்துவிளக்கு, மேடையில் மாலை. சுற்றிலும் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "கூடை எங்க?"

நான் ரோல்ஸ் வந்துவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் குசினிப் பக்கம் போய்விட்டேன்.

எங்கள் விழாக்கள் எல்லாம் போரில் இறந்தவர்களுக்கான ஒரு நிமிட மௌன அஞ்சலியோடுதான் தொடங்கும். நூறு பேரும் எழுந்து தலை குனிந்து நின்றதைப் பார்த்த கொக்கத்தடி அதைத் தன் முழங்காலுக்கென்று எடுத்துக்கொண்டார். கண் கலங்கியது, அன்று சம்பலும் இல்லை. அடுத்தது பொன்னாடை. எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற தபால் அதிபர், ஐந்தடி இரண்டங்குலம். நுனிக்காலில் எக்கி நின்றும் தோளைச் சுற்றிப் போர்த்த எட்டவில்லை. மரியாதை தெரிந்த மனிதரான கொக்கத்தடி சட்டென்று ஒரு காலை மடித்து மண்டியிட்டார். மடித்தது வீங்கின கால். பொன்னாடை போர்த்தியாயிற்று, கைதட்டியாயிற்று, அவர் எழும்பவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். வீடியோக்காரர், "அண்ணை, திருப்பி ஒருக்கா" என்றார்.

பிறகு தலைவர் தானே எழுதிய வாழ்த்துப்பாவை வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையளித்தார். தலைவரிடம் இருப்பது ஒரே ஒரு வாழ்த்துப்பாதான். ஆளுக்கு ஆள் பெயரை மட்டும் மாற்றுவார். எனவே அதில், 'எங்கள் கல்லூரித் தாயின் மடியில் தவழ்ந்த தவப்புதல்வா' என்று கொக்கத்தடியையும் பாடியிருந்தார்.

கடைசியில் பதிலுரை. மைக்கை உயர்த்த முடிந்தளவு உயர்த்தினோம். அது அவருடைய நெஞ்சு வரைதான் போனது. "நன்றி. ரோல்ஸ் நல்லாயிருக்கு. ஆனா நான் இன்னும் முடிக்கேல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். தலைவர் என் காதில், "அப்ப நாங்கள் இவ்வளவு நேரமும் என்ன செய்தனாங்கள்?" என்று கேட்டார்.

முழங்கால் வீக்கம் கொஞ்சம் வற்றியதும் லண்டனின் மறுகோடியில், குட்மேய்ஸுக்கு அங்கால் ஒரு சின்னக் கிளப்பில் சேர்ந்தார். போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம், நடுவில் ஆறு நிமிட ஆட்டம். "இந்த முறை முன்கூட்டியே சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறன்" என்று நம்பிக்கையோடு திரிந்தார். சொல்வதற்கு ஆளே இல்லாமல் போயிற்று. ஒரு நாள் போனபோது மண்டபக் கதவு பூட்டியிருந்தது. கிளப்பையே மூடிவிட்டார்கள்.

"இந்தமுறை பிழை விடக்கூடாது. கூடை வைப்பம்" என்றார் சிவம் அண்ணை. வைத்தோம். இரண்டாவது பிரியாவிடை மேடையில் ஒரு கூடை இருந்தது. பொறுப்பெடுத்தவர் விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கிவந்த பிளாஸ்டிக் கூடை, கொக்கத்தடியின் இடுப்பளவு. அவர் பந்தைக் கையில் வாங்கினார். கூடையைக் குனிந்து பார்த்தார். பந்தை விட்டார், அது தன்பாட்டில் உள்ளே விழுந்தது. மண்டபம் அதிரக் கைதட்டல். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். பொறுமைதான் இருந்தது.

அதற்குள் வைத்தியர் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார். அதன் பிறகு நடக்கலாம், ஓட முடியாது. ஐந்து வாரம் இருந்தது. நாற்பத்தொரு வயதில், அந்தக் காலோடு, ஐந்து வாரத்துக்குள் அவருக்கு ஆட்டம் கொடுக்க எந்தக் கிளப் இருக்கிறது?

ஒன்று இருந்தது. எங்களுடையது. பழைய மாணவர் சங்கங்களுக்கு இடையிலான விளையாட்டு விழாவில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கூடைப்பந்து. நானும் அந்த அணியில் இருக்கிறேன் என்றால் தரத்தை ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் பழைய மாணவர்கள் மட்டுமே ஆடலாம் என்பது விதி. விதிகளுக்குப் பொறுப்பு, எதிரணிச் சங்கத்துச் செயலாளர். அவர் ஒரு சொலிசிற்றர், அதாவது வழக்கறிஞர். கொக்கத்தடியை அடியிலிருந்து முடிவரை பார்த்துவிட்டு, "ஐசே, இவர் உங்கட பள்ளிக்கூடத்தில எந்த வருசம்?" என்று கேட்டார்.

சிவம் அண்ணைதான் பையிலிருந்து கண்ணாடிச் சட்டத்தை எடுத்தார். "வாசியுங்கோ. தவழ்ந்த தவப்புதல்வா. எங்கட தலைவர் கையெழுத்து வைச்சுக் குடுத்தது. ரெண்டு தரம் பிரியாவிடை குடுத்தனாங்கள். பழைய மாணவர் இல்லாத ஆளுக்கு ஆரும் ரெண்டு தரம் பிரியாவிடை குடுப்பினமோ?"

சொலிசிற்றர் வாழ்த்துப்பாவை முழுவதும் வாசித்தார். "இது எனக்கு வாசிச்ச பாட்டெல்லோ" என்று முணுமுணுத்தார். சிவம் அண்ணை சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, அறுவைச் சிகிச்சையையும் அந்த ஒரு ஆசையையும் சொன்னார். சொலிசிற்றர் பேனாவால் காதைச் சொறிந்தார். "கடைசி அஞ்சு நிமிசம் மட்டும். நேரம் பிடிக்கிறது நான்" என்றார்.

விளையாட்டு விழா நடந்த சனிக்கிழமை கொக்கத்தடி வழக்கம்போல இரண்டுக்குப் படுத்து நாலுக்கு எழும்பி வந்தார். அவர் ஆட்டத்தில் இறங்கியபோது நாங்கள் பன்னிரண்டு புள்ளி பின்னால் நின்றோம். அவர் கூடைக்கு எறிவார் என்று பார்த்தால், எங்களுக்கே பந்தைத் தந்துகொண்டிருந்தார். எங்கள் நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டுப் பந்து வெளியே போனது. பதினைந்து கிளப்புகளைக் கண்ட மனிதர் என் பக்கத்தில் வந்து, "கையை விரியும். கண்ணைத் திறவும்" என்றார். பகிடியே இல்லை. அது அவருக்கு உண்மையான ஆட்டம். அந்த நிமிடத்திலிருந்து எங்களுக்கும் அப்படியே ஆகிவிட்டது.

கடைசிப் பத்து செக்கன். பந்து அவரிடம். எறிந்தார், வளையத்தில் பட்டு வெளியே வந்தது. காலில் எழும்புகிற பலம் இல்லை. துள்ளிய பந்தைப் பிடித்தவர் எதிரணிப் பல் வைத்தியர். வேகமாக எங்கள் பக்கம் ஓட வேண்டியவர், ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, பந்தைக் கொண்டுபோய்க் கொக்கத்தடியின் கையில் கொடுத்தார். எல்லோரும் சொலிசிற்றரைப் பார்த்தோம். அவர் கையிலிருந்த கடிகாரத்தை உற்றுப் பார்த்து, "இன்னும் பத்து செக்கன் கிடக்கு" என்றார்.

மறுபடியும் தவறியது. மறுபடியும் பத்து செக்கன் கிடந்தது. விதி, விதி என்று எங்களை வருடக்கணக்காக அரித்தெடுத்த மனிதரின் வாயிலிருந்து நாலு தடவை அது வந்தது. ஐந்தாவது பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே விழுந்தது. சொலிசிற்றர் விசிலை நீளமாக ஊதினார். ஒன்பது புள்ளியால் நாங்கள் தோற்றுப்போனோம்.

கொக்கத்தடி நடுவட்டத்துக்குப் போய், கையூன்றி மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்தார். தலைவர் எங்கிருந்தோ பொன்னாடையோடு எழும்பினார். சிவம் அண்ணை அவருடைய கையைப் பிடித்து, "ஐயா, சும்மா இருங்கோ" என்றார்.

இடது சப்பாத்து கழன்றது. வலது கால் வீங்கி மரக்கட்டைபோலக் கிடந்தது, மடியவில்லை. குனிந்து பார்த்தார், கை நாடாவுக்கு எட்டவில்லை. இன்னொரு தடவை குனிந்தார். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடவும் மாட்டார்.

அந்த மனிதனில் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அதுவரை எனக்கே தெரியாது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சப்பாத்தைத் தொடவில்லை. முழங்காலுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து மெதுவாக உயர்த்தினேன். கொஞ்சம் மடிந்தது. அவருடைய விரல் நாடாவைத் தொட்டது. அவர் அவசரப்படாமல் அதை அவிழ்த்து முடிக்கும்வரை, அந்தக் கனத்த காலைத் தாங்கிக்கொண்டு நான் அப்படியே இருந்தேன்.