இடுப்புக்கு நேராக ஒரு கீல்

அன்பும் பொறுமையும் நிறைந்த தம்பிக்கு (பொறுமை கைவசம் இல்லை என்றால் இந்த வரியோடு நிறுத்தி, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வா), அக்கா எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம். உன் மாமா சௌக்கியம். கடையும் தையல் மெஷினும் சௌக்கியம். எதிர்வீட்டு நாய்கூட நேற்று முதல் சாப்பிடுகிறது. நீ உன் ஜீப்பைப் பற்றிக் கேட்பதற்குள் மற்ற எல்லாருடைய சௌக்கியத்தையும் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். தாள் பத்தாது போலிருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே கத்துவாய். கடிதத்தில் நீ எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது. அதோடு நீ பாலம் கட்டும் இடத்தில் கிரேன் மேலே உட்கார்ந்திருக்கிற ஆள். இந்தச் சேதியைக் கேட்டு நீ கையைத் தூக்கினால், கீழே நிற்கிறவன் தலையில் இரும்பு இறங்கும். உங்கள் சிமெண்டு லாரி டிரைவர் இன்று இந்தப் பக்கம் வருகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். தரையில் இறங்கி நின்று படி.

விஷயம் மெத்தைதான். நீ ஜீப்பை விட்டுவிட்டுப் போனபோது என்ன சொன்னாய்? "அக்கா, ஜீப்பு தலைமேல மாட்டியிருக்கிற டென்ட்டுல மெத்தைய மட்டும் மாத்திடு, இதுல என் வாழ்க்கையே இருக்கு" என்றாய். உன் வாழ்க்கை ரெண்டு அங்குல ஸ்பாஞ்சில் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் சிரித்தேனே ஒழிய, இது விளையாட்டு இல்லை என்று எனக்கும் தெரியும். போன பயணத்தில் உன் பெண்டாட்டி விடிய விடியத் தூங்காமல், "இடுப்பு பள்ளத்துல விழுது"ன்னு சொல்லியிருக்கிறாள். நீ எழுந்து பார்க்காமல், "பள்ளம் எங்க இருக்கு, எல்லாம் உன் நினைப்பு, உனக்கு வயசாயிடுச்சு"ன்னு சொல்லியிருக்கிறாய். டன் கணக்கில் இரும்பைத் தூக்கி அங்குலம் பிசகாமல் வைக்கிறவனுக்கு வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பார்த்து இறக்கத் தெரியவில்லை. வார்டில் நாள் முழுக்க நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிப் போடுகிற நர்ஸம்மா அவள், அவள் இடுப்பைப் பற்றி நீ பாடம் எடுக்கிறாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி குவார்ட்டர்சுக்குப் போனவள் நாற்பது நாளாக வீட்டுப் பக்கம் வரவில்லை. "இந்த சனிக்கிழமை கடைசியா ஒரு தடவ பயணம் வரேன். அதுலயும் இடுப்பு புடிச்சுதுன்னா என் பெட்டி இங்கயே இருக்கட்டும்"னு அவள் சொன்னதை நீ என்னிடம் சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த வேலையை நான் வேறு யார் கையிலும் விடாமல் நானே செய்தேன். அதுதான் தப்பாகிவிட்டது.

திங்கட்கிழமை ஜீப்பைக் கடைக் கொட்டகைக்குள் ஏற்றி, டென்ட்டை விரித்தோம். அதைப் புத்தகம் மாதிரி விரிப்பதைப் பார்த்து மாமாவுக்கு ஒரே சந்தோஷம். ஒரு பாதி ஜீப் தலைமேலே, இன்னொரு பாதி பின்பக்கம் நீட்டிக்கொண்டு ஏணிமேலே. ரெண்டு பலகைக்கும் நடுவில் கீல். பழைய மெத்தையை வெளியே எடுத்தால் அட்டை மாதிரி இருக்கிறது, அதில் நீ படுத்த இடம் மட்டும் தனியாக அச்சு எடுத்தது போலத் தெரிகிறது. நான் விடுவேனா? நாலு அங்குலத்துக்கு நல்ல கெட்டி ஸ்பாஞ்ச் வாங்கினேன். மூடியில் இடம் பத்துமா என்று நாடாவைப் பிடித்து அளந்தேன். ஒன்பது அங்குலம் இருந்தது, மடித்தால் நாலும் நாலும் எட்டு, என் கணக்கு சரி. உறை தைத்தேன், ஓரத்துக்கு ரெட்டைத் தையல் போட்டேன். அப்புறம், தம்பி, இருபத்திரண்டு வருஷமாக கார் சீட்டு தைக்கிற கை, அது என்னைக் கேட்காமல் சொல்யூஷன் டப்பாவைத் திறந்துவிட்டது. ஸ்பாஞ்ச் என்றால் பலகையில் ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் நகரும், நகர்ந்தால் பள்ளம் விழும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பலகை பூராவும் பசை தடவி, மெத்தையை ஒரே துண்டாக இறக்கி, பிடிக்கட்டும் என்று பாரத்துக்கு உன் மாமாவை மேலே ஏற்றிப் படுக்க வைத்தேன். அவரும் கடமை தவறாமல் மூன்று மணி நேரம் தூங்கினார். இறங்கி வந்து, "இவளே, கல்யாணமாகி இத்தன வருஷத்துல இப்படித் தூங்கினதில்ல"ன்னார். நான் அதை என் வேலைக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன், என் குறட்டையைப் பற்றிய புகாராக எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் டென்ட்டை மூடப் போனோம். நடுவில் கீல் இருக்கிறது, அது மடங்கினால்தான் டென்ட் மூடும், நான் அந்தக் கீலுக்கு மேலேயே ஒரே துண்டாக நாலு அங்குலத்தை ஒட்டிவைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. மாமா என்னைப் பார்த்தார். நான் மேலே கூரையைப் பார்த்தேன். "மடங்கும் மடங்கும், புதுசில்ல, கொஞ்சம் விறைப்பா இருக்கும்"னு சொல்லிப் பக்கத்துக் கடை வெல்டரைக் கூப்பிட்டார். வெல்டர் பானெட்டில் ஏறி நின்று, டென்ட்டை மூட இழுக்கிற வாரைக் கையில் ரெண்டு சுற்றுச் சுற்றி இழுத்தார். பின்பக்கப் பலகை பாதி தூரம் வந்தது, எல்லாரும் கைதட்டப் போனோம், ஸ்பாஞ்ச் ஒரு மூச்சு விட்டுத் திரும்ப நிமிர்ந்தது. வாரை விடாத வெல்டர் பானெட்டிலிருந்து கிளம்பி ஜீப் தலைமேல் போய்க் குப்புற விழுந்தார். விழுந்தது மெத்தையில்தான், அதனால் அடி இல்லை. "நல்லா இருக்குக்கா மெத்த"ன்னு அங்கிருந்தே சொன்னார். துணி மட்டும் ஒரு சாண் கிழிந்தது, அதைத் தைத்துவிட்டேன், நீ தேடினாலும் கண்டுபிடிக்க மாட்டாய்.

இப்போது நிலைமை என்னவென்றால், விரித்த டென்ட்டோடு ஜீப் கொட்டகைக்குள் நிற்கிறது. உள்ளே ஓடு உயரம், ஷட்டர் வாசல் குட்டை. மூடாமல் வெளியே வராது, மெத்தை மூட விடாது. இதில் இன்னொரு கூத்து, உன் ஜீப்புக்கு அந்தப் பக்கம் பேக்கரிக்காரர் வேன் மாட்டிக்கொண்டு நிற்கிறது, சீட்டு தைக்க விட்டவர். நாலு நாளாக மனுஷன் ரொட்டியை சைக்கிளில் போடுகிறார். தினமும் காலையில் வந்து ஏணிக்குக் கீழே குனிந்து உள்ளே எட்டிப் பார்த்து, "என் வண்டி அங்கதானே இருக்கு?"ன்னு கேட்கிறார். எங்கே போகும் அது? நேற்று அவரே ஒரு வழி சொன்னார். "மாவு மாதிரி அமுக்கி அமுக்கி விடுங்கம்மா, படிஞ்சிடும்"னார். சரி என்று வெல்டர், மாமா, பேக்கரிக்காரர், அவர் கடை ஆள் ரெண்டு பேர் என்று ஐந்து பேர் பலகையை மடக்கிப் பிடிக்க, நான் கீழே நின்று ஒன்று, ரெண்டு, மூன்று சொன்னேன். மூன்றுக்கு அப்புறம் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. யாருக்கும் எலும்பு முறியவில்லை, பேக்கரிக்காரர் என்னை இப்போது 'அம்மா' என்று கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

கீலுக்கு நேராகக் கத்தியை வைத்து ரெண்டாக வெட்டினால் முடிந்தது, அந்தப் பாதி அந்தப் பலகையோடும் இந்தப் பாதி இந்தப் பலகையோடும் சமர்த்தாக மடங்கும் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கத்தியை எடுத்துக்கொண்டு மேலே ஏறியும் விட்டேன். வெட்டுவதற்கு முன்னால் ஒரு தரம் படுத்துப் பார்த்தேன், தலையை பானெட் பக்கம் வைத்து, நீங்கள் படுக்கிற மாதிரியே. கீல் எங்கே வருகிறது தெரியுமா? சரியாக இடுப்புக்குக் கீழே. கையை விட்டுத் தடவினேன். அவள் சொன்ன பள்ளம் அதுதான், தம்பி. அவள் நினைப்பு இல்லை, அவள் வயசும் இல்லை. பழைய அட்டை மெத்தை அந்தக் கீலில் தொங்கி, அவள் இடுப்பு அதில் இறங்கியிருக்கிறது. நான் அங்கேயே வெட்டினால் இருக்கிற பள்ளத்துக்கு நானே எல்லைக்கோடு போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். வெட்டினால் அவள் இடுப்பு போகும், வெட்டாவிட்டால் சனிக்கிழமை போகும், எது போனாலும் அவள் பெட்டி குவார்ட்டர்சை விட்டு வராது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான் அழவில்லை. டென்ட்டுக்குள் பசை நெடி, கண்ணில் தண்ணி வரத்தான் செய்யும்.

அவளோ தினமும் போன் பண்ணுகிறாள். "அண்ணி, மெத்த ஆச்சா?"

"காயுதும்மா."

மறுநாள், "அண்ணி, காஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம் காயணும்மா."

நேற்று, "மெத்தைய ஒட்டினீங்களா, இல்ல கிணத்துல முக்கினீங்களா?"ன்னு கேட்டாள். நான் சிரித்துச் சமாளித்துப் போனை வைத்துவிட்டேன். இத்தனை நாள் கழித்து அவள் தானாகவே தினமும் கேட்கிறாள் என்றால், வர வேண்டும் என்று அவளுக்கும் இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகையால் அக்கா சொல்வதைக் கேள். இன்றைக்கே அவளுக்குப் போன் போட்டு, என்ஜினில் கோளாறு, பயணம் ரெண்டு வாரம் தள்ளிப்போகிறது என்று சொல்லிவிடு. என்ன கோளாறு என்று கேட்டால் பெரிய கோளாறு என்று சொல். மெத்தை என்ற வார்த்தையையே எடுக்காதே. அதற்குள் எல்லாவற்றையும் பிய்த்து, சுரண்டி, வேறு வழி கண்டுபிடித்துவிடுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, கிரேனில் ஏறும்போது பெல்ட் போடு, அவளிடம் பேசும்போது வாய்க்கும் ஒரு பெல்ட் போடு. மாமா உன்னை விசாரித்தார். நீ நீண்ட ஆயுசோடும் நல்ல தூக்கத்தோடும் இருக்க வேண்டும் என்று, தூக்கமில்லாமல் தவிக்கும் உன் அக்கா.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒன்றையும் செய்யாதே. போன் போடாதே, பொய் சொல்லாதே. லாரி டிரைவர் டீ குடிக்கட்டும் என்று உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன், அதற்குள் நர்ஸம்மாவே டியூட்டி முடிந்து நேரே இங்கே வந்து நிற்கிறாள். ஏணியைப் பார்த்தாள், பேக்கரிக்காரர் வேனைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மேஜைமேல் இருந்த இந்தக் கடிதத்தையும் எடுத்து, நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டாள். "அவள் நினைப்பு இல்லை" என்று எழுதியிருக்கிற இடத்தில் மட்டும் ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம், "என்ஜின் கோளாறா? அவருக்கு அந்த அளவுக்குப் பொய் வராது அண்ணி, நீங்கதான் சொல்லிக்குடுக்கணும்"னு சொல்லிவிட்டு மேலே ஏறிப் படுத்துப் பார்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"ஏன் அண்ணி, தலைய ஏன் பானெட் பக்கம் வைக்கணும்? படுத்துக்கிட்டே ஓட்டப் போறோமா?"

"பின்ன எப்படிம்மா?"

"குறுக்கால படுத்தா என்ன? நான் இந்தப் பலகையில, அவர் அந்தப் பலகையில. கீல் நடுவுல கிடந்துட்டுப் போகட்டும். கத்திய குடுங்க."

அவளே வெட்டினாள், தம்பி, ஆஸ்பத்திரிக் கை, நூல் பிடித்த மாதிரி. டென்ட் முணுமுணுக்காமல் மூடியது. ஜீப் இப்போது தெருவில் நிற்கிறது, பேக்கரிக்காரர் வேனை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார், சீட்டு பாதிதான் தைத்திருக்கிறது, அவர் அதைக் கவனிக்கவில்லை. தெருவில் விரித்து இன்னொரு தரம் குறுக்கே படுத்துப் பார்த்து, "நல்லா இருக்கு அண்ணி"ன்னாள். நாற்பது நாளுக்கு அப்புறம் அவள் வாயால் ஒரு நல்ல வார்த்தை. பெட்டி நாளைக்கே உன் வீட்டுக்கு வருகிறது.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "எல்லாம் சரிம்மா, குறுக்கால அஞ்சே முக்கால் அடிதான் இருக்கு, உனக்குப் போதும். அவன் ஆறடிக்கு மேல ஆச்சே, கால் எங்க போகும்?"னு கேட்டுவிட்டேன்.

"அவர் மடங்கட்டும் அண்ணி"ன்னாள்.

சனிக்கிழமை காலையில் வந்துவிடு. முழங்காலுக்கு இப்போதிருந்தே எண்ணெய் போட்டுத் தேய்.