தண்டவாளத்தின் மேல் நின்ற வீடு

சங்கரன்கோவில்,
12-9-1953

சிவகிரி மைத்துனர் செல்லச்சாமி அவர்களுக்குக் காசிராஜன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை கோமதியம்மாளும் மகள் முத்துமாரியும் நலம். இம்முறை வீடும் நலம். அங்கு உங்கள் நலத்தையும், முக்கியமாக மருமகன் குருசாமியின் நலத்தையும் தெரிவிக்கவும்.

சித்திரையில் நீங்கள் பெண் கேட்டு வந்தபோது, தாம்பூலத் தட்டிலிருந்து இறங்கிய எலுமிச்சம்பழம் கூடத்தைக் கடந்து, அடுப்படி வழியாகப் புறவாசலுக்குப் போய்விட்டது. நீங்களும் அதன் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு, "மாப்ளே, ஒரு எலுமிச்சம்பழமே இந்த வீட்டுல நிக்க மாட்டேங்கு, எம் மவன் எங்கன நிப்பான்? மொதல்ல வீட்ட நிமித்தும், பெறவு பரியம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினீர்கள். அண்ணன் மகனை விட்டு வேறு மாப்பிள்ளை பார்க்க உங்கள் தங்கை சம்மதிக்கமாட்டாள். ஆகவே வீட்டை நிமிர்த்துவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஓய்வுபெற்ற ரயில்வே மேஸ்திரி தேவமணியைப் பிடித்தேன். கரிசல் மண் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குவதால் மேற்குச் சுவர் ஒரு சாண் இறங்கிவிட்டது என்றார். ஏலத்தில் எடுத்த பழைய தண்டவாளங்களைத் துண்டுபோட்டு, சுக்கான் பாறை தட்டும்வரை அடித்து இறக்கி, ஜாக்கி வைத்துச் சுவரைத் தூக்கி அவற்றின் மேல் உட்காரவைப்பதாகத் திட்டம். "ரயிலையே தாங்குன இரும்பு அண்ணாச்சி, உங்க வீட்டத் தாங்காதா?" என்றார். எந்த ரயிலும் அதன் மேல் நெடுநேரம் நின்றதில்லை என்பதை நான் சொல்லவில்லை.

முதல் குழியிலேயே உங்கள் தங்கை குறுக்கே வந்து நின்றாள். "சாமியோட பாம்பு எங்கன படுத்துக் கெடக்கோ! தலையில இரும்ப எறக்கிட்டா, கோயில் உண்டியல்ல வெள்ளியில பாம்பு செஞ்சு போட்டாலும் பாவம் தீராது." ஆகவே குழிக்குக் குழி பால் ஊற்றி, பாம்பு விலகிப் போக அவகாசம் கொடுத்தோம். செய்தி கேட்டுத் தெருப் பெண்கள் எல்லாம் செம்போடு வந்துவிட்டார்கள். குழி சேறாகி மேஸ்திரியின் செருப்பு ஒன்று உள்ளே போயிற்று. இன்று அதன் மேல்தான் நம் வீடு நிற்கிறது. தேவமணி சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். ஜெபம் என்று பெண்கள் பக்தியோடு கைகூப்பினார்கள். நான் பக்கத்தில் நின்றேன்; அது ஜெபம் இல்லை.

கடைசியில் ஜாக்கியைத் திருகினார்கள். வீடு முனகிக்கொண்டே எழுந்தது. விரிசல் மூடிக்கொள்ள, அதில் வெகுகாலமாகக் குடியிருந்த பல்லி வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தது. ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் நிற்கிறது. வருகிற முகூர்த்தத்தில் மருமகனோடு தாராளமாக வரலாம்.

முத்துமாரி உங்களுக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னாள். குருசாமிக்கு ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் நான் எழுதி முடிக்கும்வரை இந்த இடத்தை விட்டு நகரவும் இல்லை. எல்லோருக்கும் எங்கள் அன்பும் ஆசியும்.

இப்படிக்கு,
காசிராஜன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. வீடு சாய்ந்திருந்தவரை அடுப்படித் தண்ணீர் தானாகவே வெளியே போய்க்கொண்டிருந்தது. சமமானதிலிருந்து அது எங்கேயும் போகவில்லை. "எங்க அண்ணன் ஒருநா வந்து பாக்கதுக்கு நான் தெனமும் தண்ணிக்குள்ள நிக்கணுமாக்கும்? பழையபடி எறக்கச் சொல்லுங்க" என்றாள் உங்கள் தங்கை. தேவமணி தண்டவாளத் தலைகளை அறுத்து, வீட்டைப் பழைய சாய்விலேயே உட்காரவைத்துவிட்டார். இனி எந்தக் காலத்திலும் இந்தச் சாய்வு மாறாது என்று உறுதி சொல்கிறார். "அண்ணன் வராட்டா நான் சிவகிரியில போயி உக்காந்துருவேன், பரியம் பேசாம எந்திரிக்க மாட்டேன்னு எழுதுங்க" என்கிறாள். பெட்டி கட்டியாகிவிட்டது. நீங்களே வந்துவிடுவது உங்களுக்கு நல்லது என்று, இருபது வருஷம் அவளோடு குடித்தனம் பண்ணியவன் என்ற முறையில், தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.