பின் டயருக்கும் பொருத்தம் பார்த்தவர்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் உள்ள டயர்க் கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பயந்தார்கள். எங்கள் திருவேற்காட்டுக் கல்யாணத் தரகர் பொருத்தத்துக்கு. பொருத்தம் என்பது ஊர் வைத்த பெயர்; அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று அவர் பெண்டாட்டிக்கே மறந்திருக்கும்.

ஜாதகக் கட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு பழைய மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றுவார். அந்த வண்டிக்கு டயர் மாற்றுவது ஒரு கல்யாணம். முன்னதும் பின்னதும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும். அது நியாயம்தான். ஆனால் இவருக்கு அது போதாது. டயர் எந்த வருஷம், எந்த வாரம் பிறந்தது என்று அதன் விலாவில் எண் போட்டிருக்குமாம். எனக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும். இவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டின் பிறப்பையும் ஒத்துப் பார்ப்பார். பிறகு முகர்ந்து பார்ப்பார். நடுவில் ராகு காலம் வந்துவிட்டால் வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவார்.

குமணன்சாவடியில் ஒரு கடைக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்.

"இன்னா நைனா, டயரு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

"கட்டிகினது ஒத்து வரலன்னா அம்மா ஊட்டுக்குப் போலாம். டயரு ஒத்து வரலன்னா நேரா லாரிக்கு அடியில தான் போவணும். எத்தை நல்லா பாக்கணும், நீயே சொல்லு."

எந்த மோட்டார் சைக்கிளிலும் பின் டயர்தான் முதலில் தேயும். அது தேய்ந்தால் இவர் நன்றாக இருக்கிற முன் டயரையும் கழற்றிப் போட்டுவிடுவார். எங்கள் தெருவில் பாதிச் செடி அந்த டயர்களில் வளர்ந்ததுதான். என் மல்லிகையும் சேர்த்து.

அப்பேர்ப்பட்ட ஆளை நம்பி என் மகள் செல்வியின் ஜாதகத்தைக் கொடுத்தேன். அவளுக்கு வயது முப்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ஆவடியில் ஒரு பையன் அமைந்தான். பத்துப் பொருத்தமும் பழுதில்லை. நான் சொந்தக்காரர் வீடெல்லாம் ஏறி இறங்கிப் பெருமையாகச் சொல்லிவிட்டேன். நாள் குறிக்கப் போன அன்று ஷேர் ஆட்டோவில் இறங்கிப் பார்க்கிறேன், பொருத்தம் மாப்பிள்ளை வீட்டு வாசலில், மாப்பிள்ளை பைக்குக்குப் பக்கத்தில் குத்த வைத்திருக்கிறார்.

"எழுந்து வாய்யா, மானம் போவுது."

"யக்கா, இங்க பாரு. முன் டயரு புத்தம் புதுசு, மினுமினுன்னு கீது. பின்னாடி தடவிப் பாரு. மொட்டை. நூலு தெரியுது."

"அதுக்கு இன்னா இப்போ?"

"பின்னாடி குந்தப் போறது யாரு? உன் பொண்ணு தானே."

சத்தம் கேட்டு மாப்பிள்ளை வெளியே வந்தான். விஷயம் தெரிந்ததும் சிரித்தான்.

"பின் டயரை யாரு பாக்கப் போறாங்க அண்ணாத்தே?"

பொருத்தம் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். உள்ளே தட்டோடு உட்கார்ந்திருந்த பையனின் அம்மாவைப் பார்த்து, "ஜாதகம் பொருந்துதும்மா, டயரு பொருந்தல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சம்பந்தம் அத்தோடு போயிற்று.

நான் அவரைத் திட்டாத திட்டில்லை. கிறுக்கர், கேடு கெட்டவர், ரப்பருக்கு வாக்கப்பட்டவர் என்று தெருவே கேட்கத் திட்டினேன். செல்வி மட்டும் அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். அது எனக்கு இன்னும் எரிச்சல்.

அப்புறமும் வெட்கமில்லாமல் ஒரு பையனைக் கூட்டி வந்தார், ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பிள்ளை. எல்லாரும் உள்ளே பஜ்ஜி தின்றுகொண்டிருக்கும்போது நான் மெல்லத் தெருவுக்கு வந்து அவன் வண்டியின் பின் டயரைத் தடவிப் பார்த்தேன். பழசுதான். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி பழசு.

நிமிர்ந்தால் வாசலில் பொருத்தம்.

"இன்னா யக்கா, வண்டி வாங்கப் போறியா?"

"பஜ்ஜி ஆறுது, உள்ள போய்யா."

இப்போது முட்டி வலியால் பொருத்தம் வண்டி எடுப்பதில்லை. அது அவர் வீட்டுச் சுவரோரம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிற மருமகனின் கையில் பம்பைக் கொடுத்து அனுப்புவேன்.

"ஓடாத வண்டிக்கு எதுக்கு அத்தே காத்து?"

"ரெண்டு டயருக்கும் அடிச்சிட்டு வாப்பா. காலையில வந்து அமுக்கிப் பாப்பாரு."