நின்ற இடத்தில் விழுந்த ஆசிரியை

சைக்கிள் ஓட்டுகிறவர் விழுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மழை பெய்தது, ட்ராம் தண்டவாளத்தில் சில்லு மாட்டியது, நாய் குறுக்கே வந்தது என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அசையாமல் நிற்கிற சைக்கிளில் இருந்து விழுந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். அவர்களில் ஒருத்தி நான். அதுவும், இருபத்துநான்கு பிள்ளைகளுக்கு வீதியில் பாதுகாப்பாக நிற்பது எப்படி என்று விளக்கிக்கொண்டிருக்கும்போது விழுந்தேன். எதிரே ஒரு பொலிஸ்காரரும் நின்றார். (யாரும் விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் அவர் வந்திருந்தார்.)

நான் ஹனோவரில் ஒரு ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இது ஏழு வருடங்களுக்கு முந்திய கதை. வேலையில் என்னை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று பள்ளி அதிபர் அறிக்கை எழுத வேண்டிய வருடம் அது. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில் ஒன்பது கிலோமீற்றர். மழையென்றாலும் பனியென்றாலும் சைக்கிளில்தான் போவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

அந்தத் திமிரை உடைத்தவர் ஒரு முதியவர். தினமும் காலையில் ஏரிக்கரைப் பாதையில், கூடையில் லீக்ஸ் தண்டும் பேக்கரிப் பாணும் வைத்துக்கொண்டு, மணியடித்து, "குட்டன் மோர்கன்" சொல்லி என்னை முந்திப் போவார். எழுபத்தைந்து வயதாவது இருக்கும். எலெக்ட்ரிக் சைக்கிள் என்றால் மனம் ஆறியிருக்கும். ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது குனிந்தே பார்த்துவிட்டேன். பற்றரி இல்லை. வெறும் கால்தான்.

இரவுச் சாப்பாட்டின்போது செந்திலிடம் சொல்லி அழுதேன். செந்தில் என் கணவர். கோயம்புத்தூர்க்காரர், இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார். ஆறுதல் சொல்லத் தெரியாது. காரணம் கண்டுபிடிக்கத்தான் தெரியும்.

"பிரச்சனை உன் கால்ல இல்ல தர்ஷி, பெடல்ல இருக்கு. நீ மிதிக்கிறப்ப மட்டும்தான் பவர் போகுது. கால் மேல வர்றப்ப எல்லாம் வேஸ்ட். கிளிப்லெஸ் பெடல் போட்டீன்னா மேல இழுக்கிறப்பவும் வண்டி ஓடும். சிம்பிள் பிசிக்ஸ்."

"கிளிப் இல்லாத பெடல்தானே இப்பவும் என்ர சைக்கிள்ல கிடக்கு?"

"அது பேரு மட்டும்தான் அப்படி. நிஜத்துல ஷூவுக்கு அடியில ஒரு இரும்புத் துண்டு இருக்கும். அது பெடல்ல போய் டக்னு கவ்விக்கும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினா விட்டுடும்."

கிளிப் இல்லை என்று பெயர் வைத்துவிட்டுக் காலைக் கவ்விப் பிடிக்கிற ஒரு சாமானை நான் அந்தப் பெயரிலேயே சந்தேகித்திருக்க வேண்டும். ஜெர்மன்காரர்கள் உள்ளதைச் சொல்கிறவர்கள். அவர்கள் அதைக் கிளிக் பெடல் என்கிறார்கள்.

சனிக்கிழமையே கடைக்குப் போய்விட்டோம். அடியில் இரும்புத் துண்டு வைத்த சப்பாத்தைக் காலில் போட்டுப் பார்த்தபோது நானே இரண்டு அங்குலம் வளர்ந்ததுபோல் இருந்தது. கடைக்காரர் பெடலைப் பூட்டிக்கொண்டே, வானிலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்: "மூன்று தடவை விழுவீர்கள். எல்லாரும் விழுவார்கள். பிறகு பழகிவிடும்."

எனக்குச் சுருக்கென்றது. நாலாம் வகுப்புப் பிள்ளைகளைச் சைக்கிள் பரீட்சைக்குத் தயார்படுத்துகிற ஆசிரியையிடம் சொல்கிற பேச்சா இது? "நான் விழமாட்டேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஹெல்மெட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டு நடைவழியில் பயிற்சி. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் செந்தில். கால் மாட்டுவதும் கழற்றுவதும்தான் வேலை. கிளிக், கிளக். கிளிக், கிளக். கீழ் வீட்டு அம்மா மேலே வந்து, வீட்டில் என்ன தொழிற்சாலை நடக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்த இரண்டு வாரமும் நான் விழவில்லை. கடைக்காரரின் வாக்கு என்னிடம் பலிக்கவில்லை. இரண்டாவது வாரம் புதன்கிழமை, ஏரிக்கரையில் லீக்ஸ் தாத்தாவை முந்தினேன். மணியும் அடித்தேன். அன்று முழுவதும் வகுப்பில் யார் என்ன செய்தாலும் எனக்குக் கோபமே வரவில்லை.

ஒரு சின்ன விஷயத்தை மட்டும் நான் கவனிக்கவில்லை. எந்தச் சிக்னலிலும் நான் கழற்றி ஊன்றியது இடது காலை மட்டுமே. வலது கால் வீட்டில் மாட்டினால் பள்ளிக்கூடத்தில்தான் கழலும். சைக்கிள் இடது பக்கம் மட்டும் சரிந்தால் இதில் ஒரு பிழையும் இல்லை.

பரீட்சை நாள் வந்தது. ஜெர்மனியில் பத்து வயதுக்குள் ஒரு பிள்ளைக்கு வருகிற மிகப்பெரிய சோதனை இந்தச் சைக்கிள் பரீட்சைதான். பொலிஸ் வந்து பார்க்கும். பாஸானவர்களுக்கு அட்டை கிடைக்கும். பள்ளிக்குப் பின்னால் உள்ள அமைதியான தெருவை அடைத்து, சோக்கால் கோடு போட்டு, மூலைக்கு மூலை மஞ்சள் அங்கி அணிந்த பெற்றோர் நிற்பார்கள். அந்த வருடம் அதிபர் ஃபிராவ் பிரான்டஸும் கையில் குறிப்புப் புத்தகத்தோடு வந்து நின்றார். என் அறிக்கைக்காகத்தான்.

அன்று பார்த்து என் சாதாரணச் சப்பாத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். வழக்கமாக அது பள்ளி அலுமாரியில் இருக்கும். கழுவலாம் என்று வெள்ளிக்கிழமை கொண்டுபோனவள், திரும்பக் கொண்டுவரவில்லை. காலையிலிருந்து பள்ளி நடைவழியில் டக்கு டக்கு என்று நடந்தேன். பிள்ளைகள் பின்னால் நாக்கால் குதிரைச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

தெருவுக்கு இறங்கும்போது எண்ணிப் பார்த்தேன். இருபத்துமூன்று பேர். யூலேயைக் காணவில்லை. பிறகு அவளைக் கழிவறையில் கண்டுபிடித்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தாள். கெட்டிக்காரி, எழுத்துப் பரீட்சையில் ஒரு பிழைகூட விடாதவள். ஆனால் பயிற்சியின்போது ஒருதரம் சறுக்கியதில் இருந்து சைக்கிளைக் கண்டாலே முகம் வெளுத்துவிடும்.

"நான் வரமாட்டேன், ஃபிராவ் சிவா." (ஃபிராவ் என்றால் திருமதி. என் அப்பாவின் பெயர் சிவலிங்கம். அவ்வளவு நீளம் பிள்ளைகளின் ஜெர்மன் வாய்க்குத் தாங்காது.) "எல்லாரும் பார்க்கும்போது விழுந்துவிடுவேன்."

"யாரும் விழமாட்டார்கள், யூலே. நான் முதலில் சைக்கிள் ஓடிக் காட்டுகிறேன். நீ என்னைப் பார்த்து அப்படியே செய்."

கதவு திறந்தது. அந்த வாக்கை நான் எவ்வளவு உறுதியோடு கொடுத்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

முதலில் ஓடிக் காட்டுவது உண்மையில் பொலிஸ்காரரின் வேலை. ஹெர் வெஸல் என்று பெயர், பெரிய மீசை, நிதானமான ஆள். என் சப்பாத்தைப் பார்த்துவிட்டு, "இதோடு வேண்டாமே, நானே ஓடிக் காட்டுகிறேன்" என்று மெதுவாகச் சொன்னார். உடனே அதிபர், "ஃபிராவ் சிவலிங்கம் தினமும் சைக்கிளில்தான் வருகிறார். அவரே செய்யட்டும்" என்றார். எனக்குத் தலை நிமிர்ந்தது.

இடப்பக்கம் திரும்புவதுதான் பரீட்சையின் கடினமான பகுதி. பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும், இடது கையை நீட்ட வேண்டும், நடுக்கோட்டுக்கு வர வேண்டும், எதிரே வாகனம் வந்தால் நிற்க வேண்டும். பார்த்தேன், நீட்டினேன், வந்தேன். எதிரே ஹெர் வெஸல் சிவப்புத் தட்டைத் தூக்கினார். இடது காலைக் கழற்றி ஊன்றி நின்றேன். கோட்டுக்கு ஒரு அங்குலம்கூடப் பிசகவில்லை.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஆசிரியைக்கு அது முடியுமா? பிள்ளைகள் எனக்கு வலப்பக்கம் நடைபாதையில் வரிசையாக நின்றார்கள். நீட்டிய கையை மடக்காமலே அவர்கள் பக்கம் திரும்பினேன்.

"பார்த்தீர்களா, பிள்ளைகள்? நிற்கும்போது ஒரு அவசரமும் இல்லை. காலை நன்றாக ஊன்றி, நிதானமாக…"

என் பாரம் வலப்பக்கம் போனது. இடது கால் நிலத்தை விட்டு எழும்பியது. வலது காலை ஊன்றப் பார்த்தேன். அது பெடலோடு இருந்தது. குதிகாலைத் திருப்ப வேண்டும் என்று தெரியும். எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் மறந்துபோனது. வேகமாக விழுந்திருந்தாலாவது மரியாதையாக இருந்திருக்கும். நான் கப்பல் கவிழ்வதுபோல் மெதுவாக, ஆறுதலாகச் சரிந்தேன். ஒவ்வொரு பிள்ளையின் முகமும் தனித்தனியாகத் தெரிந்தது. பாதி வழியில், "ஐயோ அம்மா!" என்று முழுத் தெருவுக்கும் கேட்கத் தமிழில் கத்தினேன். விழுந்து முடிந்த பிறகும் இடது கை மட்டும் வானத்தைப் பார்த்து நீண்டபடியே இருந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது.

ஹெர் வெஸல் ஓடிவந்து சைக்கிளைத் தூக்கினார். சைக்கிளோடு என் காலும் தூக்குப்பட்டது. அவர் இழுத்தார், நான் இழுத்தேன், பெடல் விடவில்லை. கடைசியில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, சப்பாத்தைத் திறந்து, காலை மட்டும் உருவி எடுத்தார். சப்பாத்து பெடலிலேயே தொங்கியது. நான் ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் செந்திலின் சாம்பல் நிறக் காலுறையுமாக எழுந்து நின்றேன்.

அப்போது அதிபர் பக்கத்தில் வந்துவிட்டார். முகம் இறுகியிருந்தது. "ஃபிராவ் சிவலிங்கம், இது பாடத்தின் ஒரு பகுதியா?"

மஞ்சள் அங்கிப் பெற்றோர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குறிப்புப் புத்தகம் திறந்திருந்தது. நான் நேர்மையானவள் என்றுதான் அந்த நிமிடம்வரை நினைத்திருந்தேன்.

"ஓம்" என்றேன். (ஜெர்மனில்தான் சொன்னேன். என்ன மொழியில் சொன்னாலும் பொய் பொய்தான்.) "கவனம் சிதறினால் நிற்கும்போதுகூட விழலாம் என்று காட்டினேன். சொன்னால் பிள்ளைகளுக்கு மறந்துவிடும், பார்த்தால் மறக்காது."

ஹெர் வெஸல் பெடலில் தொங்கிய என் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முழங்கையில் இரத்தம் கசிவதையும் பார்த்தார். ஒரு பொலிஸ்காரரின் முன்னால் பொய்ச் சாட்சி சொல்லிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மீசை மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"மிகவும் இயல்பாக இருந்தது" என்றார் அவர். பேனையைக் கையில் எடுத்துக்கொண்டு அதிபர் பக்கம் திரும்பினார். "இத்தனை வருடத்தில் இப்படி ஒரு விளக்கத்தை நான் பார்த்ததில்லை. இதை ஒவ்வொரு வருடமும் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்."

"நல்ல யோசனை" என்று அதிபர் எழுதிக்கொண்டார்.

ஹெர் வெஸல் சப்பாத்தை என் கையில் தந்தபோது குரலைத் தாழ்த்தினார். "பெடலில் சட்டப்படி இருக்க வேண்டிய மஞ்சள் பிரதிபலிப்புத் தகடும் இல்லை, ஃபிராவ் சிவலிங்கம். அடுத்த வருடம் விழும்போது பூட்டிக்கொண்டு விழுங்கள்."

காயத்தைக் கழுவ ஓரமாக உட்கார்ந்தேன். யூலே வந்து பக்கத்தில் நின்றாள். என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் வேண்டுமென்று விழவில்லை."

"இல்லை" என்றேன். அவளிடம் இரண்டாவது பொய் சொல்ல மனம் வரவில்லை.

"வலிக்கிறதா?"

"கொஞ்சம். வெட்கம்தான் அதைவிடக் கூட."

அவள் கையை நீட்டினாள். "நான் ஒருவரிடமும் சொல்லமாட்டேன். நான் கழிவறையில் இருந்ததை நீங்களும் சொல்லக்கூடாது."

கை கொடுத்து ஒப்பந்தம் செய்தோம். அவள் போய்ச் சைக்கிளை எடுத்தாள். கையை நீட்டும்போது சைக்கிள் ஆடியது. ஆனால் நடுக்கோட்டில் வந்து நின்றாள். அதுவும் எப்படி? இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, மேசையைத் தரையில் ஆணியடித்து வைத்ததுபோல் நின்றாள். அன்று இருபத்துநான்கு பேரும் அப்படியே நின்றார்கள். நின்றபடி ஒவ்வொருவரும் என்னை ஒருதரம் பரிதாபமாகப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள். எல்லாருக்கும் அட்டை கிடைத்தது.

எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. அறிக்கையில், பாடத்தை உடல்வருத்தம் பாராமல் விளக்குபவர் என்று அதிபர் எழுதியிருந்தார். செந்தில் அதைக் குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே ஒட்டியே விட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் நான் விழுகிறேன். நிகழ்ச்சி நிரலில் சைக்கிள் சோதனைக்கும் பழச்சாற்று இடைவேளைக்கும் நடுவில் "ஃபிராவ் சிவலிங்கம், விழுதல், ஐந்து நிமிடம்" என்று அச்சடித்திருக்கும். ஹெர் வெஸல் ஓய்வு பெற்றுப் போகும்போது புதிதாக வந்த பொலிஸ்காரிக்கு அதையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஏப்ரல் பிறந்தால் செந்தில் என்னைப் புல்வெளிக்குக் கூட்டிப்போய் விழப் பழக்குவார். இப்போது எனக்கு இரண்டு பக்கமும் விழத் தெரியும்.

போன கோடையில் என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, ஊன்ட்றொப் என்கிற ஊரில் எங்கள் ஆட்கள் கட்டிய அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். கால்வாய்க் கரையில் நல்ல சனம். கொலோனில் இருந்து வந்த ஒரு அக்கா அம்மாவைப் பிடித்துக்கொண்டு, "மகள் இப்ப என்ன செய்யிறா? வேலை நிரந்தரமாயிட்டுதோ?" என்று விசாரித்தார்.

அம்மா கச்சான் கடலைப் பையைக் கை மாற்றிக்கொண்டு, பெருமையாகத்தான் சொன்னார்: "ஓம் பிள்ளை. வருசத்தில ஒருக்கா விழோணும். மிச்ச நாளெல்லாம் படிப்பிக்கலாம்."